எல்லாத் தபாலும் மலைச்சாமி வழியாக

25.7.88, திங்கள்

இன்று மறுபடி வேலையில் சேர்ந்தேன். பதினாறாவது தடவை. சனிக்கிழமை மாலையோடு எண்பத்தொன்பது நாள் முடிந்தது என்று என்னை நீக்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் யாரோ, கம்பெனி யாரோ. காலையில் புது விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். "இதற்கு முன் இங்கு பணிபுரிந்ததுண்டா?" என்ற இடத்தில் வழக்கம்போல "இல்லை". நான்கு வருஷமாக இல்லை. தொண்ணூறு நாள் தொடர்ந்து வைத்திருந்தால் நான் பெர்மனென்ட் கேட்டுவிடுவேனாம். இந்தத் தடவை நீக்கின நாள் வாகாக ஞாயிற்றுக்கிழமையில் விழுந்ததில் கம்பெனிக்கு ஒரு நாள் வேலைகூடக் கெடவில்லை. நிர்வாக மேலாளர் கோவர்த்தனன் சார் காலண்டரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பதினொரு மணிக்கு முதலாளி கூப்பிட்டார். துளசிராம் முதலாளி எங்கள் சாதி ஆள்தான். என்னைக் கண்டால் எங்கள் வீட்டுப் பாஷையிலேயே, அம்மா சௌக்கியமா, முனிச்சாலையில் தண்ணீர் வருகிறதா என்று விசாரிப்பார். பாசமெல்லாம் எங்கள் பாஷையில். ஆர்டர் மட்டும் இங்கிலீஷில்.

பம்பாயில் ஒரு கம்பெனியில் கடிதமெல்லாம் காகிதமே இல்லாமல் கம்ப்யூட்டருக்குள்ளேயே போய் வருகிறதாம். பார்த்துவிட்டு வந்திருக்கிறார். தல்லாகுளம் ஹெட் ஆபீஸிலும் கப்பலூர் நூல் மில்லிலும் ஆளாளுக்கு ஒரு விலாசம் கொடுத்து, இங்கே அடித்தால் அங்கே போகிற மாதிரி நான் செய்ய வேண்டுமாம். இரண்டு மெஷினுக்கும் நடுவில் ஒரு டெலிபோன் லைன், ஒரு மோடம். விஜயதசமிக்குத் துவக்க விழா. அது மட்டும் நடந்துவிட்டால் என்னைப் பெர்மனென்ட் ஆக்குகிறேன் என்றார்.

சீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தேன். விஜயதசமி அக்டோபர் 20. என் எண்பத்தொன்பதாவது நாள் அக்டோபர் 21. நம்பலாமா? நம்பாமல் என்ன செய்ய?

28.7.88

விலாசம் கொடுக்கும் படலம். நம்முடைய மெஷின் பெயரில் எட்டு எழுத்துக்கு மேல் வாங்காது. முதலாளி பெயர் இங்கிலீஷில் பத்து எழுத்து. கடைசி இரண்டை வெட்டினேன். கோவர்த்தனன் சார் பார்த்துவிட்டு, என்னம்மா முதலாளி பேரையே வெட்டியிருக்க என்றார், ஏதோ கழுத்தை வெட்டின மாதிரி.

வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் ஒன்றுதான் என்று மத்தியானம் தெரிந்தது. அக்கவுண்ட்ஸ் ஆபீசர் வெங்கடரமணன் சாரை உட்காரவைத்து முதலாளிக்கு ஒரு கடிதம் அனுப்பச் சொன்னேன். பெயர் அடிக்க வேண்டிய இடத்தில் கை நின்றுவிட்டது. வியர்த்தது. ஏசி ரூமில்!

"எப்படிம்மா மொட்டையாப் பேரை அடிக்கிறது? எதிர்ல நின்னு பேர் சொல்லிக் கூப்பிடுற மாதிரி இருக்கு."

அவராக "மரியாதைக்குரிய ஐயா" என்று இங்கிலீஷ் எழுத்தில் அடித்து அனுப்பினார். அப்படி ஒரு ஆளே இல்லையென்று மெஷின் திருப்பிவிட்டது. விலாசம் தப்பான கடிதமெல்லாம் என் பெட்டிக்குத்தான் வரும். சாயந்திரத்துக்குள் முப்பத்தொன்று வந்து சேர்ந்தது. "சார்", "ஐயா", "எம்.டி. ஐயா அவர்கள்", ஒருத்தர் வெறும் "சமூகம்". இந்தப் பெயருக்கு வந்தால் அந்தப் பெட்டியில் போடு என்று மெஷினிடம் சொல்லி வைக்க ஒரு பட்டியல் உண்டு. அத்தனையையும் அதில் ஏற்றினேன். பெருமாளுக்கு ஆயிரம் நாமம். முதலாளிக்கு இதுவரை பதினேழு.

2.8.88

கப்பலூர் டைம் ஆபீஸ் கருத்தக்கண்ணன் டெலிபோனில் ஒரே சத்தம். ஹெட் ஆபீஸ் கொள்முதல் பிரிவு ரெங்கம்மாள் நான்கு நாளாகப் பாபின் எத்தனை, பெல்ட் எத்தனை என்று தனக்கு எழுதிக் கேட்கிறாராம். "பக்கத்து ரூமில் இருப்பவரிடம் கொடுக்கவும்" என்று கடைசியில் ஒரு வரி வேறு. நான் என்ன அவுகளுக்குப் பியூனா என்றார்.

ரெங்கம்மாளைப் பிடித்தேன். எழுமலைக்காரி. பெரிய ஆபீசரையே ஒரு பார்வையில் உட்காரவைப்பவள், தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். பக்கத்து ரூமில் இருப்பவர் ஸ்டோர்கீப்பர் விருமாண்டி. அவள் புருஷன்.

"பன்னெண்டு வருசமா வாயில வராத பேரு, வெரல்ல மட்டும் வந்துருமாத்தா?"

படித்தவள், பத்து வருஷமாக ஆபீஸ் வேலை பார்ப்பவள் என்று ஒரு பிரசங்கம் செய்யலாமென்று வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். எங்கள் அம்மா மட்டும் என்ன, ரேஷன் கடையில் அப்பா பெயரைக் கேட்டால் கார்டைத் திருப்பிக் காட்டுகிறவள்தானே.

யோசித்தால் கோளாறு அவர்களிடம் இல்லை, என்னிடம். இந்த ஊரில் யார் யாரைப் பெயர் சொல்லி எழுதுகிறார்கள்? எல்லாரும் நாற்காலிக்குத்தான் எழுதுகிறார்கள். ராத்திரியோடு ராத்திரியாக, இல்லை, மத்தியானத்தோடு மத்தியானமாக எல்லா விலாசத்தையும் மாற்றினேன். ஸ்டோர்ஸ், கொள்முதல், கணக்கு, நிர்வாகம் என்று பதவிதான் விலாசம். ஆள் யாராக இருந்தாலும் அந்தப் பெட்டிக்குப் போகும். ரெங்கம்மாள் "ஸ்டோர்ஸ்" என்று அடித்தாள். போய்ச் சேர்ந்தது. பன்னிரண்டு வருஷத்தில் புருஷனுக்கு எழுதிய முதல் கடிதமாம். "பெல்ட் 40, அவசரம்."

பட்டியலை முடித்த பிறகு பார்த்தேன். எனக்குத்தான் பதவி ஒன்றும் கிடையாது. "கம்ப்யூட்டர்" என்று போட்டுக்கொண்டேன்.

9.8.88

கப்பலூருக்கு எழுதும்போது விலாசத்தில் ஊர்ப்பெயருக்கு அப்புறம் ஓர் ஆச்சரியக்குறி போட வேண்டும். மெஷினின் வழக்கம் அது. கோவர்த்தனன் சார் கேட்டது: "கப்பலூர்ல ஆச்சரியப்பட என்னம்மா இருக்கு?"

கப்பலூரை நினைத்துப் பார்த்தேன். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

22.8.88, திங்கள்

இன்று முகூர்த்தம். ஆபீஸில் பாதி நாற்காலி காலி. கோவர்த்தனன் சார் லீவு. தன் கடிதமெல்லாம் வெங்கடரமணன் சாருக்குப் போகட்டும் என்று சனிக்கிழமையே எழுதிக் கொடுத்திருந்தார். வெங்கடரமணன் சாரும் லீவு. அவருடையதைக் கோவர்த்தனன் சாருக்குத் திருப்பச் சொல்லியிருந்தார். இரண்டு பேரும் ஒரே கல்யாணத்தில் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்க, கப்பலூரிலிருந்து வந்த ஒரு கடிதம் இவர் பெட்டிக்கும் அவர் பெட்டிக்குமாக இருபத்தாறு முறை அலைந்து களைத்துக் கடைசியில் என்னிடம் வந்து விழுந்தது.

பிரித்துப் பார்த்தேன். மில் கேண்டீனில் சாம்பார் சரியில்லை என்று புகார். இருபத்தாறு முறை.

இது மெஷின் செய்த தப்பு என்று நாளைக்குச் சொல்வார்கள். மெஷின் அவர்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டது.

30.8.88

சர்க்குலர் வந்துவிட்டது. சாம்பார் கடிதத்தின் பலன்.

கோவர்த்தனன் சார் கையெழுத்து. யார் யாருக்கு எழுதினாலும் கடிதம் நேராகப் போகக் கூடாது. முதலில் தபால் பிரிவுக்குப் போக வேண்டும். அங்கே மலைச்சாமி அதைப் பிரிண்ட் எடுத்து, வரவு எண் போட்டு, முத்திரை குத்தி, எந்தப் பிரிவைச் சேர்ந்ததென்று மேலே குறித்து ஃபைலில் சுற்றுக்கு விடுவார். பிரிவுத் தலைவர் கையெழுத்துப் போட்ட பிறகு கம்ப்யூட்டரில் விடுவிப்பார். "விதிவிலக்கின்றி அனைவருக்கும்."

காகிதமே வேண்டாமென்று வாங்கிய மெஷினுக்கு இனிமேல் வாரம் இரண்டு பெட்டி காகிதம்.

போய்க் கேட்டேன். சார், உங்கள் கடிதமுமா, முதலாளிக்கு நீங்கள் எழுதுவதுமா என்று. எழுந்து நின்று சொன்னார். ரூல் என்றால் எல்லாருக்கும் ரூல், அது என்ன உங்களுக்கு எங்களுக்கு என்று? அப்படியானால் அதையும் எழுத்தில் கொடுங்கள் என்றேன். சர்க்குலரை வாங்கி "மேலாளர் உட்பட" என்று தன் கையால் சேர்த்து, தேதி போட்டுக் கொடுத்தார். பெருமையாகத்தான் கொடுத்தார்.

பட்டியலில் நான்கு வரி. எல்லாப் பெயரும் முதலில் மலைச்சாமி அண்ணனுக்கு. முடிந்தது.

6.9.88

மலைச்சாமி அண்ணனுக்கு டெர்மினல் போட்டாயிற்று. வயது ஐம்பத்திரண்டு. இருபத்தேழு வருஷத்தில் ஒரு தபாலைத் தவறவிட்டதில்லை என்று யாரும் கேட்காமலே சொல்வார். செருப்பைக் கழற்றிவிட்டு, ஸ்கிரீனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒற்றை விரலால் ஆரம்பித்தார். இரண்டு நாளில் படித்துவிட்டார். வெங்கடரமணன் சாருக்கு ஒரு மாதம் ஆயிற்று.

கப்பலூரிலிருந்து மூன்று நிமிஷத்தில் வந்துவிடுகிறது கடிதம். பிறகு மூன்று நாள் ஃபைலில் சுற்றுகிறது. முன்பு சைக்கிளில் ஆள் கொண்டுவந்தபோது ஒரு நாள்தான் ஆகும். கடிதம் கிடைத்ததா என்று கேட்டு இப்போது தினம் டெலிபோன் செய்கிறார்கள். ஸ்டோர்ஸ் சம்பந்தப்பட்டது மட்டும் வேகமாகப் போகிறது. ரெங்கம்மாள் காலையில் மலைச்சாமி அண்ணன் மேஜைக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றுகொள்கிறாள். அவ்வளவுதான்.

24.9.88, புரட்டாசி சனி

தல்லாகுளம் பெருமாள் கோயில் கூட்டத்தில் பஸ் நகரவில்லை. அம்மாவும் கூட வந்தாள். எனக்குப் பெர்மனென்ட் ஆனால் ஐந்து சனிக்கிழமையும் வருவதாக வேண்டுதலாம். ஆகாவிட்டாலும் வருவாள், கேட்டால் கோபித்துக்கொள்வாள்.

வரிசையில் நிற்கும்போது மெல்லச் சொன்னாள். எல்லாரும் உன் மகள் என்ன வேலை என்று கேட்கிறார்கள், கம்ப்யூட்டர் என்கிறேன். பெர்மனென்டா என்கிறார்கள், நான் வெயிலைப் பற்றிப் பேசிவிடுகிறேன் என்று.

சிரித்தேன். சிரிப்பு வரவில்லை. இருபத்தொன்பது வயதாகிறது. பி.எஸ்ஸி. கணக்கு, முதல் வகுப்பு. எனக்கு ஒரு பி.எஃப். நம்பர் கிடையாது, லீவு கிடையாது, ஜுரம் வந்தால் அன்றைய சம்பளம் கிடையாது. பதினாறு முறை பிறந்து பதினைந்து முறை செத்திருக்கிறேன். ஒரே ஒரு தொண்ணூறாவது நாள். அது போதும் எனக்கு. பெருமாளிடம் அதைத்தான் கேட்டேன், மெஷினைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அதை நான் பார்த்துக்கொள்வேன்.

4.10.88

இதுவரை டெலிபோன் சுழற்றி லைன் போட்டது நான். இன்று காலை ஆறு ட்ரயல், ஆறும் போயிற்று. இரண்டு மெஷினும் யார் கையும் படாமல் தாமாகவே டெலிபோன் போட்டுப் பேசிக்கொண்டன. பார்த்துக்கொண்டே நின்றேன். நன்றாக இருந்தது. நான் செய்தது.

கோவர்த்தனன் சாரும் பின்னால் நின்று பார்த்தார். "அப்ப இது தானாவே போகும், இல்ல?" என்றார். ஆமாம் சார் என்றேன். எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னேன். மடச்சி.

11.10.88, செவ்வாய்

எழுதியே தீர வேண்டும்.

மூன்றரைக்கு மலைச்சாமி அண்ணன் ஃபைலோடு வந்தார். எப்போதும் பியூன்தான் கொண்டுவருவான். மேஜையில் வைத்துவிட்டுப் போகாமல் நின்றார். வரவு எண் 437. முத்திரை. மேலே அவருடைய உருண்டைக் கையெழுத்தில் "கம்ப்யூட்டர் பிரிவு, தக்க நடவடிக்கைக்காக".

கோவர்த்தனன் சார் முதலாளிக்கு எழுதியது. முதலாளி புது மெஷின் பூட்டுவதற்காக ஒரு வாரமாகக் கப்பலூரிலேயே இருக்கிறார். அதனால் நேரில் போய்க் காதில் ஓத முடியாமல் கம்ப்யூட்டரில் அடித்துவிட்டிருக்கிறார்.

"துவக்க விழாவுக்குப் பின் கடிதங்கள் தானாகவே போய்வரும். எனவே 21ஆம் தேதியுடன் காலம் முடியும் தற்காலிகப் பணியாளர் அலர்மேல்மங்கையை மீண்டும் சேர்க்கத் தேவையில்லை. இயந்திரத்தைத் துடைத்து வைக்க ஒரு பியூன் போதும். ரகசியம்."

துடைத்து வைக்க.

நல்லா இருங்க சார். நல்லா இருங்க. நாலு வருசம்... ஒரு நாள் லேட்டா வந்திருப்பேனா? நீங்க கல்யாண வீட்டுல சாப்புட்டுக்கிட்டு இருந்தப்ப அந்தச் சாம்பார் லெட்டரைத் தேடி எடுத்தது யாரு, உங்க பியூனா?

மலைச்சாமி அண்ணன் தயங்கித் தயங்கிச் சொன்னார். ரகசியம் என்று போட்ட கவரை அவர் பிரிப்பதே இல்லை. ஆனால் இதற்குக் கவரே இல்லையே. சர்க்குலரில் விதிவிலக்கு இல்லை என்று இருக்கிறது. கடிதம் கம்ப்யூட்டர் பிரிவு சம்பந்தப்பட்டது, கம்ப்யூட்டர் பிரிவுக்குத்தான் குறிக்க வேண்டும். குறித்த பிறகுதான் கம்ப்யூட்டர் பிரிவில் இருப்பது யார் என்று உறைத்திருக்கிறது. என்னை வேலையைவிட்டு நீக்கத் தக்க நடவடிக்கை எடுக்கும்படி எனக்கே வந்திருக்கிறது!

பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"வேணும்னாச் சொல்லும்மா. கிழிச்சுப் போட்டுட்டு, நம்பரைத் தப்பா அடிச்சுட்டேன்னு எழுதிருதேன்."

இருபத்தேழு வருஷமாக ஒரு தபாலைத் தவறவிடாத மனிதர். எனக்காக முதல் தபாலைத் தவறவிடத் தயாராக நின்றார். அப்போதுதான் அழுகை வந்தது. அதுவரை கோபம் மட்டும்தான்.

கிழித்தால் என்ன ஆகும்? கோவர்த்தனன் சார் இன்னொன்று அடிப்பார். அடுத்த தடவை கப்பலூருக்கே போய்ச் சொல்வார். வேண்டாம் அண்ணே, என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு போங்கள் என்று பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டேன். ஃபைலை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்பது ரூல். அதனால் இங்கே உட்கார்ந்து மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

12.10.88

தக்க நடவடிக்கை எடுத்தேன்.

ஃபைலில் குறிப்பு எழுதினேன். "பார்த்தேன். அலர்மேல்மங்கையைப் பற்றி நடவடிக்கை எடுக்கக் கம்ப்யூட்டர் பிரிவில் அலர்மேல்மங்கையைத் தவிர ஆள் இல்லை. என்னை நானே நீக்கிக்கொள்ள எனக்கு அதிகாரம் உண்டா என்று தெளிவுபடுத்தவும். இயந்திரத்தைப் பயன்படுத்தும் எல்லாப் பிரிவுகளின் கருத்துக்காகவும் சுற்றுக்கு அனுப்பப்படுகிறது."

நம் ஆபீஸ் வழக்கம் ஒன்று உண்டு. கருத்துக்காகச் சுற்றும் ஃபைலில் யாராவது ஒருத்தர் "ஆட்சேபணை" என்று எழுதிவிட்டால், முதலாளி தன் கையால் உத்தரவு எழுதாமல் அதை மூட முடியாது. இதுவும் கோவர்த்தனன் சார் போட்ட ரூல்தான். ரூல் போடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

ஒரே ஒரு ஆட்சேபணை வேண்டும். யார் எழுதுவார்கள்? மேலாளர் கடிதத்தின் மேலேயே?

14.10.88

வெங்கடரமணன் சார்: "பார்த்தேன்."
சாயப் பிரிவு: "பார்த்தேன்."
விற்பனை: "பார்த்தேன்."
கொள்முதல் தலைவர்: "பார்த்தேன்." தேதிகூடப் போடவில்லை.

எல்லாருக்கும் கண் நன்றாகத் தெரிகிறது. சந்தோஷம்.

ரெங்கம்மாள் தன் தலைவர் எழுதியதைப் பார்த்துவிட்டு டிபன் பாக்ஸை மூடினாள். ஃபைல் இனிக் கப்பலூருக்குப் போகிறது. அங்கே டைம் ஆபீஸ், ஸ்டோர்ஸ். விருமாண்டி அண்ணன் கையெழுத்தைத் தவிர வேறெதுவும் எழுதி யாரும் பார்த்ததில்லை. முடிந்தது என்று நினைக்கிறேன்.

17.10.88, திங்கள்

ஃபைல் கப்பலூரிலிருந்து திரும்பிவிட்டது. அப்படியே எழுதி வைக்கிறேன்.

"ஆட்சேபணை. இந்தப் பெண் வந்த பிறகு சாமான் வரவில்லை என்று என் ஸ்டோர்ஸில் ஒரு ஷிப்ட்கூட நின்றதில்லை. மெஷினைத் துடைக்கப் பியூன் போதும் என்றால் மில்லை ஓட்டவும் பியூன் போதுமா என்று தெரிவிக்கவும். விருமாண்டி, ஸ்டோர்கீப்பர்."

ரெங்கம்மாளிடம் ஓடினேன். என்ன செய்தாய் என்றேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் ஒண்ணுஞ் சொல்லலத்தா. ஒரு வார்த்தை எழுதுனா கை தேஞ்சு போயிருமான்னு கேட்டேன். அம்புட்டுத்தான்."

அதற்குள் வீரம் பரவிவிட்டது. வெங்கடரமணன் சார் ஃபைலைத் திரும்பக் கேட்டு வாங்கி, தன் "பார்த்தேன்"க்குப் பக்கத்தில் இடுக்கி இடுக்கி "மறுபரிசீலனை செய்யலாம்" என்று சேர்த்தார். விற்பனையும் சேர்த்தது. முதல் ஆள் குதித்தால் தண்ணீர் ஆழமில்லையென்று எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது.

நான்கு மணிக்குக் கருத்துக்காகக் கோவர்த்தனன் சார் மேஜைக்கே போயிற்று. அவருடைய ரகசியம், முத்திரையோடு, ஒன்பது பேர் கையெழுத்தோடு.

கூப்பிட்டார். மூஞ்சி சிவந்திருந்தது. இதை யார் வெளியே விட்டது என்றார். நான் சர்க்குலரை எடுத்து மேஜையில் வைத்து, "மேலாளர் உட்பட" என்ற இடத்தில் விரல் வைத்தேன். வாசித்தார். தன் கையெழுத்தையே வேறு யாருடையதோ மாதிரி ரொம்ப நேரம் பார்த்தார்.

வெளியே வந்தேன். அவரை நினைத்துப் பாவமாக இல்லை.

18.10.88

முதலாளி வந்துவிட்டார். ஃபைல் அவர் மேஜையில். அம்மா சௌக்கியமா என்றுகூடக் கேட்கவில்லை.

20.10.88, விஜயதசமி

மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், மல்லிகைச் சரம். கீபோர்டில் சந்தனம் வைக்க வந்த ஐயரைத் தடுத்து நிறுத்தியதுதான் இன்று நான் செய்த முதல் தொழில்நுட்பப் பணி.

பாங்க் மேனேஜர், இன்னும் நாலைந்து பெரிய மனிதர்கள். முதலாளி உட்கார்ந்து கப்பலூருக்கு வாழ்த்து அடித்தார். கை தட்டினார்கள். கடிதம் கப்பலூருக்குப் போகவில்லை. மலைச்சாமி அண்ணனுக்குப் போயிற்று. அவர் பிரிண்ட் எடுத்தார். பிரிண்டர் அலறியது. எண் போட்டார், குத்தினார், எழுந்து வந்து, முதலாளி எழுதியதை முதலாளியிடமே கொண்டுவந்து பணிவாகக் கையெழுத்துக் கேட்டார். பாங்க் மேனேஜர் இருமினார்.

கையெழுத்து ஆயிற்று. விடுவித்தார். அப்போதும் போகவில்லை. வெளியே மழை, டெலிபோன் லைனில் ஒரே கரகரப்பு. ஸ்கிரீன் அப்படியே நின்றது. ஐந்து நிமிஷம். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

முதலாளி மெல்லத் திரும்பினார்.

"தானாப் போகும்னு எழுதியிருந்தீங்களே கோவர்த்தனன். போகச் சொல்லுங்க."

கோவர்த்தனன் சார் ஸ்கிரீனைப் பார்த்தார். மோடத்தைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். நான் ஒரு நிமிஷம் சும்மா நின்றேன். பொய் எதற்கு, இனித்தது. பிறகு மனசு கேட்கவில்லை. கப்பலூரில் கருத்தக்கண்ணன் அண்ணன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு ஸ்கிரீன் முன்னால் உட்கார்ந்திருப்பார். வேகத்தைக் குறைத்து, லைனை மறுபடி போட்டேன். மூன்றாவது தடவை பிடித்தது. போயிற்று. பதில் வந்தது. கை தட்டினார்கள். லட்டு கொடுத்தார்கள்.

பெர்மனென்ட் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

21.10.88, வெள்ளி

எண்பத்தொன்பதாவது நாள்.

காலையிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேஜை டிராயரைக் காலி செய்து பையில் வைத்தேன். ரெங்கம்மாள் இரண்டு முறை வந்து நின்றுவிட்டுப் போனாள். நாலே முக்கால். ஐந்து. மலைச்சாமி அண்ணன் ஃபைலோடு வந்தார். எண் 541. முதலாளி கையெழுத்து, நான்கு வரி.

"ஆட்சேபணைகள் பரிசீலிக்கப்பட்டன. நம் கம்பெனியில் கம்ப்யூட்டர் என்று ஒரு பதவி இல்லை. கடிதப் போக்குவரத்து தபால் பிரிவைச் சேர்ந்ததாலும், அங்கு ஓர் இடம் காலியாக இருப்பதாலும், திருமதி அலர்மேல்மங்கையைத் தபால் பிரிவு இளநிலை எழுத்தராக நாளை முதல் நிரந்தரமாக நியமிக்கிறேன்."

தபால் எழுத்தர்! கணக்கில் முதல் வகுப்பு, இரண்டு ஊர் மெஷினைப் பேசவைத்தவள், முத்திரை குத்துகிற பிரிவில் இளநிலை. திருமதி வேறு. கல்யாணமும் அவரே முடித்துவைத்துவிட்டார்.

மறுபடி வாசித்தேன். நிரந்தரமாக. இன்னொரு தரம். நிரந்தரமாக.

ஏசி ரூம் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷம்தான். வெட்கமில்லாமல் சந்தோஷம். வேறென்ன பெயர் வைப்பது அதற்கு? டிராயரில் எடுத்ததையெல்லாம் திரும்ப வைத்தேன். மலைச்சாமி அண்ணன் வெளியே நின்று, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து இன்னும் வரவில்லை என்று நினைவுபடுத்தினார்.

அம்மாவிடம் சொன்னேன். பதவி என்ன என்று கேட்கவேயில்லை. விளக்கேற்றப் போய்விட்டாள்.

22.10.88, சனி

ராத்திரி பெய்த மழையில் கீழவாசல் முழுக்கத் தண்ணீர். பஸ் திரும்பிச் சுற்றி வந்தது. ஆபீஸில் நுழையும்போது ஒன்பது நாற்பது.

கோவர்த்தனன் சார் வராந்தாவில் காத்திருந்தார். குரலில் தேன். தான் எழுதுகிற கடிதம் மட்டும் மலைச்சாமி கண்ணில் படாமல் நேராகப் போக ஒரு வழி போட்டுக் கொடும்மா, நான்கு வரிதானே என்றார். செய்யலாம் சார், தபால் பிரிவுக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள், நான் அங்கேதான் இருக்கிறேன் என்றேன்.

தபால் பிரிவு வருகைப் பதிவேடு மலைச்சாமி அண்ணனிடம் இருக்கிறது. அவர் பெயருக்குக் கீழே என் பெயரை மையில் எழுதியிருந்தார். கையெழுத்துப் போட்டேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ரொம்பச் சங்கடப்பட்டார். ரூல்மா என்றார். சிவப்புப் பேனாவை எடுத்து என் பெயருக்கு நேரே "லேட்" என்று போட்டார். மூன்று லேட் சேர்ந்தால் அரை நாள் லீவு போய்விடுமாம். தற்காலிக ஆட்களுக்குப் போடுவதில்லை, அவர்களுக்குத்தான் லீவே கிடையாதே.

மத்தியானம் டீ குடிக்கப் போகிற சாக்கில் போய், பதிவேட்டைத் திறந்து இன்னொரு தரம் பார்த்துவிட்டு வந்தேன்.